ஒச்சாயியின் காரியும் ஹாலாஸ்யத்தின் அகராதியும்

மேலூர் முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக இருந்த ஹாலாஸ்யத்துக்கு ஸ்பானிஷ் பாஷை தெரியும் என்பது ஊரறிந்த சங்கதி. எவ்வளவு தெரியும் என்று சோதித்துச் சொல்லத்தான் தாலுகாவில் ஆள் இல்லை. மதுரைப் புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடையில், பஞ்சாங்கக் கட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பானிஷ்–இங்கிலீஷ் அகராதியை அவர் தூக்கி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஏ எழுத்தில் தொடங்கி டி எழுத்து வரைக்கும் கறையான் படித்து முடித்திருந்தது. மிச்சத்தை ஹாலாஸ்யம் படித்தார். போய்வருகிறேன் என்பதை ஸ்பானியர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று தெரிய வேண்டுமானால் கறையானைத்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கோர்ட்டுக் கச்சேரி முடிந்ததும் மனிதர் மதுரை பஸ்ஸில் ஏறிவிடுவார். வடக்கு ஆவணி மூல வீதியில் அவர் பிறந்த வீடு இருந்தது. அதில் இப்போது அண்ணா அனந்தநாராயணன் குடியிருந்தார். ஞாயிறு முழுக்க அங்கே வெற்றிலையும் அரட்டையும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பி நேரே கோர்ட்டுக்கு. மேலூரில் குடித்தனம் வைத்துப் பதினோரு வருஷம் ஆகியும் சொந்த வீடு என்கிற அர்த்தத்தில் அவர் வாயில் "ஆம்" என்று வந்தால் அது மதுரை வீடுதான். மேலூர் வீட்டுக்கு "ஜாகை" என்று பெயர்.

அந்த ஜாகையில் அவர் மனைவி நாகலக்ஷ்மி ஒரு பசுவையும், நான்கு முருங்கை மரத்தையும், ஞாயிற்றுக்கிழமைகளையும் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் மதுரைக்குக் கிளம்பினால் பசுவை யார் கறப்பது? அவள் சண்டை போடுகிற ஜாதியில்லை. குத்துகிற ஜாதி. "உங்களைக் கச்சேரி மைதானத்துல அவுத்து விட்டா எந்தப் பக்கம் ஓடுவேள்னு எனக்குத் தெரியும்" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். குத்தியது இறங்கியதாகத் தெரியாது.

1934ஆம் வருஷம் ஆடி மாதத்தில் கோர்ட்டுக்கு ஒரு மாட்டு வழக்கு வந்தது. வாதி ஒச்சாயி, மேலூருக்குக் கிழக்கே மூன்று மைலில் புன்செய் வைத்துப் பிழைக்கிறவள். நாற்பது வயது தாண்டியவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு காரிக் காளை, உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. கன்று போட்ட மூன்றாம் நாளே தாய்ப்பசு செத்துப்போக, மூங்கில் குழாயில் பால் புகட்டி அதை வளர்த்தவள் அவள். மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்ட மாடு கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு ஓடும். மடக்கிப் பிடித்தவனுக்குக் கொம்பில் கட்டிய துண்டு சொந்தம். மாடு மட்டும் யார் துணையும் இல்லாமல் அன்றைக்கோ மறுநாளோ தானாக வீடு வந்து சேரும். அதுதான் வழக்கம். போன வருஷம் மாசியில் ஓடிய ஒச்சாயியின் காரி வந்து சேரவில்லை.

அவள் ஊர் ஊராகத் தேடினாள். ஒன்றரை வருஷம் கழித்து, மேற்கே அழகர்கோவில் பாதையில் விருமாண்டி என்பவர் தொழுவத்தில் அதைக் கண்டாள். விருமாண்டியோ, இது என் பசு போட்ட கன்று என்றார். அவர் பக்கம் ஒன்பது சாட்சி, அவள் பக்கம் ஒன்பது சாட்சி. பதினெட்டுப் பேரும் காரிக் கன்று பிறந்ததைக் கண்ணால் கண்டவர்கள். வழக்கு முடிகிற வரைக்கும் காரியைப் பவுண்டில், அதாவது சர்க்கார் மாட்டுப் பட்டியில், அடைத்தார்கள்.

முன்சீப் சுப்பராமன் கும்பகோணத்துக்காரர். மாடு என்றால் தயிர் வருகிற இடம் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் மாட்டைக் கச்சேரி வேப்பமரத்தில் கட்டச் சொல்லி, இருவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்குள் வேடிக்கை பார்க்க முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். "ஏலே கருப்பா!" என்று ஒச்சாயி கூப்பிட்டபோது மாடு காதை ஆட்டியது. விருமாண்டி கூப்பிட்டபோது வாலைத் தூக்கிச் சாணி போட்டது. கூட்டம் ஓவென்று கத்த, அது மிரண்டு கயிற்றை இழுக்க, யாரும் கிட்டே நெருங்க முடியவில்லை.

"ஹாலாஸ்யம், இதை எப்படி ரிகார்டு பண்றது?" என்றார் முன்சீப்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆறு வருஷமாக அகராதிக்கு ஒரு சந்தர்ப்பம் வராதா என்று ஏங்கியிருந்த ஹாலாஸ்யம் வாயைத் திறந்தார்.

"யுவர் ஆனர், ஸ்பெயின் தேசத்திலே மாட்டுச் சண்டைக்குன்னு வட்டமா ஒரு களம் உண்டு. எங்கே விரட்டினாலும் மாடு அதுக்குள்ள ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நிக்குமாம். அந்த இடத்துக்கு அவா பாஷையிலே கெரென்ஸியான்னு பேரு."

"நேர் அர்த்தம் என்ன?"

"மிருகம் பழகிப்போய்த் தானா நாடற இடம். மனுஷாளுக்கும் அதையே மாத்திச் சொல்றா. எங்கே போய் நின்னா ஒருத்தனுக்கு மனசு நிலைப்படறதோ, அது அவனோட கெரென்ஸியா."

"மனுஷா இருக்கட்டும். நமக்கு மாடு போதும்" என்றார் முன்சீப். இந்த வழக்கை எப்படியாவது கழற்றிவிட வழி கிடைத்ததில் அவர் முகம் தெளிந்தது. வக்கீல்கள் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வருகிற புதன்கிழமை மாட்டைக் கச்சேரி மைதானத்தில் அவிழ்த்துவிடுவது. கிழக்கே போனால் ஒச்சாயிக்கு, மேற்கே போனால் விருமாண்டிக்கு. யாரும் மாட்டைக் கூப்பிடவோ, தீனி காட்டவோ கூடாது. இரண்டு கட்சிக்காரர்களும் தீர்ப்பு வரைக்கும் கச்சேரியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் வழக்கு எதிராளிக்கு.

ஹாலாஸ்யம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கோர்ட்டு டவாலிச் சேவகன் சின்னச்சாமி வாசலிலேயே மடக்கினான்.

"என்ன சாமி, ஒச்சாயி அக்கா குடியைக் கெடுத்துப்புட்டீகளே."

"ஏம்ப்பா?"

"ஒன்றரை வருசமா அந்த மாடு தின்னது எங்க? விருமாண்டி வீட்டுப் பருத்திக்கொட்டை. படுத்தது எங்க? அவரு தொழுவம். அங்க ரெண்டு பசு வேற நிக்கிது. அவுத்துவிட்டா அது எந்தப் பக்கம் போகும்? பச்சப்புள்ளைக்குத் தெரியுமே!"

ஹாலாஸ்யம் மனசுக்குள் அகராதியைத் திருப்பிப் பார்த்தார். அகராதியும் அதைத்தானே சொன்னது, பழகிப்போய் நாடுகிற இடம் என்று? விருமாண்டி தரப்பில் ஏன் அவ்வளவு சுருக்கில் ஒப்புக்கொண்டார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. சாட்சிகளை வைத்தே முன்சீப் தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து, தன் மடியில்கூட இல்லை, அந்தப் பெண்பிள்ளையின் மடியில் விட்டாயிற்று.

ஒச்சாயி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சாமி, மாடு யாரு வீட்டுக்குப் போகும்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஹாலாஸ்யம் காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜாகையின் கொல்லைப்பக்கம் போனவர், மாட்டுக்கொட்டகை மூலையில் ஒரு துணி மூட்டையைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"ஒச்சாயியோடது" என்றாள் நாகலக்ஷ்மி. "வாய்தா அன்னிக்கெல்லாம் இங்கேதான் வெச்சுட்டுப் போவா. வெயில் தாழ இங்கே உக்காந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்புவா. அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்னு அவ பேசறதைக் கேக்க நன்னாயிருக்கு."

"கட்சிக்காரி கோர்ட் குமாஸ்தா கொட்டகையிலயா? என் உத்தியோகத்துக்கே உலை வெக்கறயா? இனிமே இங்கே வரப்படாது, சொல்லிட்டேன்!"

"உங்க ஜாகைதானே, உங்க உத்தரவு" என்றாள் அவள். அந்தக் குரலில் உத்தரவு எங்கே போய் விழுந்தது என்பது பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. மேற்கத்திக் கூட்டம் ஒரு பக்கம், கிழக்கத்திக் கூட்டம் ஒரு பக்கம். முறுக்கு விற்கிறவள் நடுவில். விருமாண்டி கச்சேரித் தாழ்வாரத்தில் சலவை வேட்டியும் மீசையுமாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் புதுப் புண்ணாக்கு ஊறவைத்திருக்கிறார் என்று கூட்டத்தில் பேச்சு.

பத்து மணிக்கு முன்சீப் குடையுடன் வந்தார். "கட்சிக்காரா ரெண்டு பேரும் இருக்காளா?"

ஹாலாஸ்யம் திரும்பிப் பார்த்தார். ஒச்சாயி உட்கார்ந்திருந்த இடத்தில் வேப்பஞ்சருகுதான் கிடந்தது. கச்சேரியை விட்டு நகர்ந்தாள் என்று தெரிந்தால் மாட்டை அவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை, வழக்கு முடிந்தது. வீட்டுக்குத்தான் ஓடிவிட்டாளோ? பதினெட்டு வருஷ சர்வீஸில் கோர்ட்டில் பொய் சொல்லாத மனிதர், மற்றவர்களின் பொய்யை மட்டும் சுத்தமாக மொழிபெயர்த்தவர், அன்றைக்குச் சொந்தமாக ஒன்று சொன்னார்.

"இருக்கா, யுவர் ஆனர். தண்ணி குடிக்கப் போனா. இப்போ வந்துடுவா."

"சரி, அவிழ்க்கச் சொல்லுங்கோ."

பவுண்டுக்காரன் மூக்கணாங்கயிற்றை உருவிவிட்டு எகிறிக் குதித்து ஓடினான். காரி அசையவில்லை. மைதானத்தின் நடுவில் தலையைத் தூக்கி நின்றது. திமில் மட்டும் ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு அது நிதானமாக மேற்கே நடந்தது.

மேற்கத்திக் கூட்டம் குலவை போடாத குறைதான். விருமாண்டி மீசையைத் தடவினார். ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டார். மூங்கில் குழாயில் பால் குடித்த கன்று, அதை ஒரு ஸ்பானியச் சொல்லை வைத்துப் பறித்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். அந்த அகராதியை அன்றைக்கே கழுநீர்த்தொட்டியில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"சாமி, கண்ணைத் தொறந்து பாருங்க!" என்று சின்னச்சாமி தோளைப் பிடித்து உலுக்கினான்.

முச்சந்தியில் காரி நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கி இரண்டு தரம் காற்றை இழுத்தது. அழகர்கோவில் பாதை நேரே திறந்து கிடந்தது. அதில் போகவில்லை. கிழக்கேயும் திரும்பவில்லை. தெற்கே ஒரு சந்தில் திரும்பி, நடையை ஓட்டமாக்கியது.

"அந்தச் சந்துல யார் இருக்கா?" என்றார் முன்சீப், குடையை மடக்கிக்கொண்டு ஓடியபடி.

ஹாலாஸ்யம் காதில் விழாதவர் போலக் கூடவே ஓடினார். அந்தச் சந்தில் அவர்தான் இருந்தார்.

மாடு முன்னால், முன்சீப் பின்னால், வக்கீல்கள் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால், இரண்டு ஊரும் முறுக்குக்காரியும் கடைசியில். காரி நேரே ஹாலாஸ்யத்தின் ஜாகைக்குக் கொல்லைப்புறம் போய், ஓலைப் படலைக் கொம்பால் ஒரு முட்டு முட்டிப் பிய்த்தெறிந்துவிட்டு உள்ளே நுழைந்தது.

"அடேயப்பா, இது குமாஸ்தா அய்யரு மாடுடோய்!" என்று யாரோ ஒருத்தன் கத்தினான். சந்து முழுக்கச் சிரிப்பு.

"ஹாலாஸ்யம்," என்றார் முன்சீப், மூச்சு வாங்க, "நீர் எப்போ இந்த வழக்கிலே மூணாவது கட்சியா சேர்ந்தீர்?"

உத்தியோகம் போயிற்று, மானமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஹாலாஸ்யம் பிய்ந்த படலைத் தாண்டி உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள். போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கொட்டகையில், பசுவுக்குப் பக்கத்தில், ஒச்சாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மோர் சாதம் இருந்த இலை, பக்கத்தில் விசிறியுடன் நாகலக்ஷ்மி. மாடு கிடைக்கிற வரைக்கும் பகலில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடுவதில்லை என்று அவள் அழகருக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். ஒன்பதரை மணிக்குக் கச்சேரிக் கிணற்றடியில் மயங்கி விழுந்தவளை, தண்ணீர் எடுக்கப் போன நாகலக்ஷ்மி பார்த்து, அக்கம்பக்கத்துப் பெண்களைத் துணைக்குக் கூப்பிட்டுத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்து, வேண்டுதலை அழகரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மோர் சாதத்தைப் பிசைந்து கொடுத்திருக்கிறாள். உத்தரவாவது மண்ணாவது.

காரி முன்னங்காலை மடக்கி அவள் அருகில் படுத்துவிட்டது. கூட்டம் அதன் கண்ணில் படவேயில்லை. நீளமான நாக்கால் அவள் கழுத்தையும் நரைத்த பின்னந்தலையையும் நக்கிக்கொண்டிருந்தது. ஒச்சாயி அதைக் கட்டிக்கொள்ளவில்லை. அழவுமில்லை. சோற்றுக் கையால் அதன் சுட்டியில் பட்டென்று ஓர் அடி கொடுத்தாள்.

"இம்புட்டு நாளா எங்கலே போயிருந்த, திருட்டுப் பயலே? வீடு மறந்துபோச்சா? ஆத்தா மூஞ்சி மறந்துபோச்சா?" என்று திட்டத் தொடங்கினாள். திட்டத் திட்ட அது இன்னும் நெருங்கி, தலையை அவள் மடியில், இலையின் மேலேயே வைத்துக்கொண்டது. முன்சீப் சுப்பராமன் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

விருமாண்டியின் வக்கீல்தான் முதலில் தெளிந்தார். "ஆட்சேபணை, யுவர் ஆனர்! வாதி கச்சேரியை விட்டு வெளியே வந்திருக்கா. உத்தரவுப்படி வழக்கு எங்க கட்சிக்கு—"

"விடுங்க சாமி" என்றார் விருமாண்டி.

அவர் கொட்டகை வாசலில் நின்று மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசையைத் தடவுகிற கை கீழே தொங்கிக்கிடந்தது. "மாசி மாசம் ராவுல தானா வந்து என் தொழுவத்துல நின்னுச்சு, அடிபட்ட காலோட. வைத்தியம் பாத்தேன். யாராச்சும் தேடி வருவாகன்னு மூணு மாசம் பாத்தேன். அப்பறம் எம் மாடுன்னு ஊருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிப்புட்டேன், எசமான்." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒன்றரை வருசம் பருத்திக்கொட்டை வெச்சேன். ஒரு நாக்கூட அது என்னைய இப்படி நக்கினதில்லை."

ஒச்சாயி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "காலு எந்தக் காலுண்ணே?" என்று கேட்டாள். "பின்னங்காலு, இடது" என்றார் அவர். அவள் அந்தக் காலைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கீக" என்றாள். வழக்கு அத்துடன் முடிந்தது. தீர்ப்பு எழுதியது எல்லாம் சம்பிரதாயத்துக்கு.

போகிறபோது முன்சீப் ஹாலாஸ்யத்தின் காதருகில், "தண்ணி குடிக்கப் போனவ மோர் சாதம் சாப்பிடறா. மொழிபெயர்ப்பிலே சித்தே பிசகு" என்று சொல்லிவிட்டு, "உம்ம அகராதியும் சித்தே பிசகு. இடம்னு போட்டிருக்கான். இந்த மாட்டுக்கு இடமா முக்கியம்?" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஹாலாஸ்யம் மனைவியிடம் என்னவோ சொல்ல நினைத்தார். கோபிக்க வாயெடுத்தால் கோபம் இல்லை. மெச்சிப் பழக்கம் இல்லை. "ரசம் நன்னாயிருக்கு" என்று சொல்லிவைத்தார். அவள் பதிலுக்கு, "படல் பிஞ்சு கிடக்கு. நாய் வரது. கட்டிக் குடுங்கோ" என்றாள். "பாக்கலாம்" என்றார். வியாழக்கிழமை சொன்னாள், பாக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் பையுடன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் தவசி அவருடைய ஜன்னலோர இடத்தில் துண்டு போட்டு வைத்திருந்தான். ஹாலாஸ்யம் படியில் ஒரு காலை வைத்தார். வடக்கு ஆவணி மூல வீதி வீட்டை நினைத்துப் பார்த்தார். போன தரம் அண்ணா, "என்னடா, வந்துட்டயா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டுவிட்டுச் சீட்டாட்டத்தைத் தொடர்ந்தது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின தரமும் அப்படித்தான். அங்கே அவருக்குப் பழகின தூண் இருந்தது, பழகின ஊஞ்சல் இருந்தது. பருத்திக்கொட்டைக்குக் குறைவில்லை.

"ஏறுங்க சாமி, வண்டி கெளம்புது!"

"நீ போப்பா" என்றார் ஹாலாஸ்யம். காலை எடுத்துக்கொண்டார்.

முச்சந்தியைத் தாண்டி, அதே சந்தில் திரும்பி, கொல்லைப்புறமாக வந்தார். பிய்ந்த படலை நிமிர்த்தி வைத்து, கொட்டகையில் கிடந்த பழைய கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். முடிச்சுப் போட வரவில்லை. மூன்று தரம் அவிழ்ந்தது.

சத்தம் கேட்டு நாகலக்ஷ்மி வெளியே வந்தாள். கையில் பால் செம்பு. சனிக்கிழமை மத்தியானம் அவரை அந்த இடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"பஸ் போயிடுத்தா?"

"போயிடுத்து. நான்தான் போகல."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து கயிற்றை வாங்கி ஒரே சுருக்கில் முடிச்சுப் போட்டாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வரப்போகிறது என்று அவர் நினைத்தார். வந்தது சிரிப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒச்சாயி குரலிலேயே கேட்டாள்:

"இம்புட்டு நாளா எங்க போயிருந்தீக?"